வெட்டின மரம் ஏன் திரும்பத் திரும்ப துளிர்க்குது? அடிக்கட்டையோட உயிர் எங்க இருக்குன்னு பாப்போம்

மரத்தை வெட்டுறது ஒரு நாள் வேலை, அடிக்கட்டையை சாகடிக்கறது தனி வேலை. ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சு காசை குடுத்து ஆளை அனுப்பிடறோம், சிக்கலே அங்கதான் ஆரம்பிக்குது. தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட்னு எங்க போனாலும் ரோட்டோரக் கம்பத்துல 'ட்ரீ ஃபெல்லிங்'னு போன் நம்பரோட ஒரு போர்டு தொங்கும், கூப்பிட்டா பக்கில, அதாவது பிக்கப் வண்டில, செயின்சாவோட நாலு பேர் வந்து எறங்குவாங்க, மதியத்துக்குள்ள மரம் தரையில, கிளையெல்லாம் வண்டில, அவ்ளோதான். முட்டி உயரத்துக்கு ஒரு கட்டை மட்டும் நிக்கும். செப்டம்பர் அக்டோபர்ல முதல் மழை விழுந்ததும் அந்தக் கட்டையை சுத்தி குச்சி குச்சியா கிளம்பும், டிசம்பர் லீவு வரதுக்குள்ள ஆள் உயரம் வந்துடும், ஒத்தை மரமா நின்னது இப்ப ஒரு புதரா நிக்கும். வேம்பு சாயல்ல இருக்கற சிரிங்கா மரமா இருந்தா இன்னும் மோசம், கட்டையில இருந்து தள்ளி வேலியோரம், ட்ரைவ்வே விரிசல், துணி காயப்போடற கம்பிக்கு அடியிலன்னு அங்கங்க வேர்ல இருந்தே கன்னு வரும்.

இதுக்கு வைத்தியம் கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. உப்பு கொட்டு, டீசல் ஊத்து, ஜிக் ப்ளீச் ஊத்து, செம்பு ஆணி அடி, ஓட்டை போட்டு பெருங்காயம் வை. இதுல எது வேலை செய்யும் எது செய்யாதுன்னு மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்ல, வெட்டின கட்டைக்குள்ள உயிர் எங்க இருக்குன்னு ஒரு தடவை புரிஞ்சிக்கிட்டா போதும், மத்ததெல்லாம் தானா வெளங்கிடும்.

மொதல்ல ஏன் துளிர்க்குதுன்னு பாப்போம். வெயில் காலம் முழுக்க இலை சமைக்கற சக்கரையில ஒரு பங்கை மரம் ஸ்டார்ச்சா மாத்தி வேர்லயும் அடிமரத்துலயும் சேத்து வச்சுக்கும். நீங்க வெட்டினது மேல இருக்கறதை, கீழ சேத்து வச்சது அப்படியே இருக்கு. வேரும் தண்டும் சேர்ற கழுத்துப் பக்கம் பட்டைக்கு அடியில தூங்கற மொட்டுங்க நிறைய இருக்கும், மரம் நிக்கற வரைக்கும் நுனில இருந்து ஆக்சின்னு ஒரு ஹார்மோன் கீழ இறங்கிட்டே இருக்கறதால அந்த மொட்டுங்க அடங்கிக் கிடக்கும். வெட்டின அன்னிக்கு ஆக்சின் வரத்து நின்னு போச்சு. அடக்கி வச்ச ஆள் இல்ல, கீழ சாப்பாடு தயாரா இருக்கு, வேர் மரத்தோட சைஸுக்கு இருக்கு ஆனா அதுக்கு மேல இலையே இல்ல. அதனாலதான் விதையில இருந்து வர்ற கன்னு ஒரு வருஷத்துல வளர்றதை கட்டையில இருந்து வர்ற துளிர் ரெண்டு மாசத்துல வளர்ந்துடுது.

இந்த ஊர்ல இருக்கற தமிழாளுங்களுக்கு இது புதுசும் இல்ல. 1860 நவம்பர் 16 அன்னிக்கு மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல் டர்பன்ல வந்து நின்னது எதுக்கு, நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னுதானே. கரும்பு ஒரு தடவை நட்டா வெட்ட வெட்ட அதே தூர்ல இருந்து மறுதாம்பு வரும், வருஷக்கணக்குல அப்படியே அறுவடை எடுக்கலாம், வெட்டினா சாகாதுங்கற ஒரே நம்பிக்கையிலதான் அந்தத் தொழில் ஓடுது. உங்க வீட்டு பின்பக்கம் நிக்கற கட்டையும் அதே மறுதாம்புதான், என்ன, இங்க அறுவடை உங்களுக்கு வேணாம். என்2 ரோட்டுல வடக்க ஸூலூலாந்து பக்கம் போனா வரிசை வரிசையா யூகலிப்டஸ் தோப்பு வரும், அங்கயும் வெட்டின கட்டையில துளிரை விட்டு, நல்லதா ஒண்ணு ரெண்டை மட்டும் நிறுத்தி அடுத்த சுத்துக்கு வளக்கறது வழக்கம்.

முருங்கையை ஒடிச்சு வளக்கணும், பிள்ளையை அடிச்சு வளக்கணும்னு பெரியவங்க சொல்லுவாங்க. பின்பாதியை விடுங்க, முன்பாதி நூத்துக்கு நூறு உண்மை.

எல்லா மரமும் இப்படி இல்ல. பைன் மரம் பெரும்பாலும் திரும்ப வராது, தரையோட வெட்டினா முடிஞ்சது. தென்னை மாதிரி ஒத்தைத் தண்டு இருக்கற பாம் வகையும் அப்படித்தான், குருத்து போச்சுன்னா மரம் போச்சு. அந்த மாதிரி கட்டைக்கு மருந்து வாங்கறது தண்டச் செலவு. ஆனா நம்ம ஏரியா வீடுகள்ல வெட்டறது பெரும்பாலும் சிரிங்கா, பிரேசிலியன் பெப்பர், நாவல், மல்பெரி, கொய்யா, கற்பூர மரம், சவுண்டல், யூகலிப்டஸ், இது எல்லாமே துளிர்க்கற ஜாதி. கறிவேப்பிலை கூட வேர்ல இருந்து கன்னு விடும், அதை மட்டும் யாரும் தொல்லைன்னு சொல்றதில்ல, தொட்டியில புடுங்கி வச்சு தெரிஞ்சவங்களுக்கு குடுத்துடறாங்க. ப்ளாக் வாட்டில் ஒரு தனி ரகம், கட்டையை அடிச்சாலும் மண்ணுக்குள்ள கிடக்கற விதை பல வருஷம் கழிச்சும் முளைக்கும், அதோட சண்டை கட்டையோட முடியாது.

சரி, உயிர் எங்க இருக்கு? செயின்சா நின்னதும் ஈரம் காயறதுக்குள்ள அந்தக் கட்டை மேல குனிஞ்சு பாருங்க. சிரிங்கான்னா நல்லாவே தெரியும். வெளிய கரும்பழுப்புல பட்டை. நகத்தால பட்டையை நெம்பினா அதுக்கு அடியில வழவழன்னு ஈரமா, தொட்டா விரல் வழுக்கற மாதிரி ஒரு மெல்லிசான படலம், காகிதம் கனம் கூட இருக்காது. அதுக்கு உள்ள வெளிர் மஞ்சள்ல கொஞ்சம் மரம். அதுக்கும் உள்ள, கட்டையோட பெரும்பகுதி, செம்பழுப்பா வைரம் பாய்ஞ்ச மரம். அந்த வைரம் இருக்கே, அது எப்பவோ செத்துப் போனது. மரத்தை தாங்கி நிக்கறது மட்டும்தான் அதோட வேலை, அதுக்குள்ள சாறும் ஓடாது உயிரணுவும் கிடையாது. இலையில செஞ்ச சாப்பாட்டை வேருக்கு கொண்டு போறது பட்டையோட உள்பக்கம், புது மரத்தையும் புது பட்டையையும் உண்டாக்கறது அந்த வழவழப்பான படலம், வேர்ல இருந்து தண்ணி மேல ஏறறது அந்த வெளிர் மரம். ஆக மொத்தம் கட்டையோட ஓரத்துல ஒரு வளையம், அவ்ளோதான் உயிர்.

இப்ப யோசிங்க, நாட்டு வைத்தியம் சொல்ற எல்லாரும் ஓட்டை எங்க போட சொல்றாங்க? நட்ட நடுவுல. பெருங்காயக் கதை ஊர்ல இருந்தே வந்தது, நடுமரத்துல ட்ரில் போட்டு பெருங்காயத்தை அடைச்சு களிமண்ணால மூடினா மரம் பட்டுடும்னு எங்க ஊர்ல சின்ன வயசுலயே கேட்டிருக்கேன், இங்கயும் பக்கத்துத் தெரு அங்கிள் ஒருத்தர் அதையே சொன்னாரு, அவர் தாத்தா காலத்து டெக்னிக்காம். பெருங்காயம் சாம்பார்ல போட்டா வாசனை வரும், செத்த மரத்துக்குள்ள வச்சா அங்கயும் வாசனைதான் வரும். சில சமயம் அப்படி வச்ச மரம் பட்டுப்போயிருக்கலாம், ஏற்கனவே நோஞ்சானா இருந்த மரமா இருந்திருக்கும், பேரு மட்டும் பெருங்காயத்துக்கு போயிருக்கும்.

செம்பு ஆணியும் அதே ரகம். ஒரு பாக்கெட் ஆணி அடிச்சா மரம் அதை சுத்தி காயத்தை ஆத்திக்கிட்டு பேசாம வளரும். ஜிக், வினிகர் எல்லாம் தொட்ட எடத்தை மட்டும் கருக்கும், வேருக்கு போகாது. டீசல், பழைய இன்ஜின் ஆயில் ஊத்தறதை நான் கடுமையாவே எதிர்க்கறேன், பட்டை கருகலாம், அதுக்கு மேல அது மண்ணுக்குள்ள போய் அடுத்த மழையில வடிகால் வழியா ஆத்துக்கு போகும், கட்டை அடுத்த பக்கம் துளிர்க்கும். உப்பு கொட்டினா நிறைய கொட்டணும், நிறைய கொட்டினா மரம் சாகும் முன்னாடி மண்ணு செத்துடும், அந்த எடத்துல பல வருஷத்துக்கு கீரை கூட வராது, சரிவா இருந்தா கீழ் வீட்டுக்காரர் லானும் சேந்து போகும். வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், இதைப் பத்தி மட்டும் ஒரு தெளிவு வேணும்: அது செத்த கட்டையை சீக்கிரம் மக்க வைக்க உதவும்னு போடறது, உயிரோட இருக்கற கட்டையை கொல்ற சாமான் இல்ல, சொல்லப்போனா அது உரம். தீ வைக்கறது முனிசிபாலிட்டி பைலா பிரச்சனை மட்டும் இல்ல, வேர் வழியா மண்ணுக்கடியில நாள்கணக்குல கனன்றுட்டு இருந்து எங்கயோ போய் வெளிய வரும்.

வேலை செய்யற வழி ரெண்டே ரெண்டு. ஒண்ணு, அந்த வளையம் வழியா வேருக்கு களைக்கொல்லியை அனுப்பறது. ரெண்டு, வேரை பட்டினி போடறது. தோண்டி எடுக்கறது மூணாவதுன்னு சொல்லலாம், அதுக்கு அப்புறம் வரேன்.

மருந்து வழியில முக்கியமானது மருந்தோட பேரு இல்ல, கடிகாரம். மரம் வெட்டினதும் அந்த வளையத்துல சாறு ஓட்டம் நிக்க ஆரம்பிக்கும், காத்து உள்ள போகும், வெட்டு வாய் காஞ்சு மூடிக்கும். தண்ணில கலந்த மருந்தா இருந்தா அஞ்சு பத்து நிமிஷத்துக்குள்ள தடவறது உத்தமம், அரை மணிநேரம் தாண்டினா பலன் சரசரன்னு கொறையும், அடுத்த நாள் தடவறது சும்மா பெயிண்ட் அடிக்கற மாதிரிதான். அதனால மரம் வெட்டற ஆளுங்க கிட்ட முன்கூட்டியே பேசி வைக்கணும்: கடைசி வெட்டு தரையை ஒட்டி வெட்டுங்க, முட்டி உயரத்துல விடாதீங்க, அந்த வெட்டு விழும்போது நான் பிரஷோட பக்கத்துல நிப்பேன்னு. கட்டை எவ்ளோ தாழ்வோ அவ்ளோ நல்லது, உயரமா விட்டா பட்டையில தூங்கற மொட்டுங்களும் அதிகம், மருந்து கடக்க வேண்டிய தூரமும் அதிகம். வெட்டு மட்டமா இருக்கணும், சாய்ஞ்சு இருந்தா ஒரு பக்கமா வழிஞ்சு போயிடும். வெட்டினதும் மரத்தூளை தொடைப்பத்தால கூட்டி தள்ளிடுங்க, இல்லன்னா மருந்தை தூள்தான் குடிக்கும். அப்புறம் பழைய பெயிண்ட் பிரஷால ஓர வளையத்தை மட்டும், பட்டையோட உள்பக்கமும் சேத்து, நல்லா நனையற அளவுக்கு தடவணும், வழிஞ்சு மண்ணுக்கு ஓடற அளவுக்கு இல்ல. சின்ன கட்டைன்னா முழுசா தடவலாம், பெரிய கட்டையில நடு வைரத்துல கொட்டறது எல்லாம் வேஸ்ட்.

இந்த முறை இங்க சும்மா வந்தது இல்ல. 1995ல காதர் அஸ்மல் தண்ணி அமைச்சரா இருந்தப்ப 'வொர்க்கிங் ஃபார் வாட்டர்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, வெளியூர் மரங்க ஆத்தோரம் மலையோரம் பரவி தண்ணியை உறிஞ்சுதுன்னு வேலையில்லாத ஆளுங்களுக்கு பயிற்சி குடுத்து வெட்ட விட்டாங்க. வெட்டிட்டு மட்டும் வந்தா முன்ன இருந்ததை விட அடர்த்தியா வரும், அதனால வெட்டின கையோட மருந்து, அப்புறம் திரும்ப திரும்ப போய் பாக்கற ஃபாலோ அப், இது ரெண்டும் சேந்ததுதான் அங்க வேலை. மருந்துல சாயம் கலந்துதான் தடவுவாங்க, எந்தக் கட்டை முடிஞ்சது எது விட்டுப்போச்சுன்னு தூரத்துல இருந்தே தெரியறதுக்காக. வீட்டுல ரெண்டு மூணு கட்டைன்னாலும் கொஞ்சம் சாயம் கலந்தா நல்லது, நாய் குழந்தை தொட்டாலும் கண்டுபிடிச்சிடலாம்.

எந்த மருந்து? க்ளைஃபோசேட் எல்லா ஹார்ட்வேர் கடையிலயும் கிடைக்கும், புது வெட்டுல தடவினா பல மரத்துக்கு போதும், மண்ணுல பட்டா மண் துகளோட ஒட்டிக்கும், அதனால பக்கத்து செடிக்கு ஆபத்து கம்மி. ட்ரைக்ளோபிர் மரத்தண்டுக்குன்னே வர்றது, புல்லை பெருசா ஒண்ணும் பண்ணாது, லானுக்கு நடுவுல கட்டை இருந்தா இது வசதி. பிக்ளோராம், இமாஸாபிர் ரெண்டும் பலமானதுதான், ஆனா மண்ணுல நாளா தங்கும், வேர் வழியா பக்கத்து மரத்துக்கும் போகலாம், சின்ன யார்டுல மாங்காய் லீச்சி அவகாடோ எல்லாம் அடுத்தடுத்து நிக்கற வீட்டுல நான் அதை பக்கத்துலயே சேக்க மாட்டேன். இன்னொண்ணு, ஒரே ஜாதி மரம் ரெண்டு பக்கத்துல பக்கத்துல இருந்தா மண்ணுக்கடியில வேரோட வேர் ஒட்டியிருக்கலாம், ஒரே வேர்ல இருந்து வந்த ரெண்டு தண்டாவும் இருக்கலாம், ஒண்ணுக்கு தடவின மருந்து இன்னொண்ணுக்கும் போய் சேரும். ரெண்டு மல்பெரில ஒண்ணை வச்சுக்கிட்டு ஒண்ணை கொல்லணும்னா மருந்து வழி வேணாம்.

அளவு நான் சொல்ல மாட்டேன், ஏன்னா ஒவ்வொரு பாட்டில்லயும் சத்து வேற, ஒண்ணுக்கு சரியான கலவை இன்னொண்ணுக்கு பாதிதான் இருக்கும். லேபிள்ல 1947ஆம் வருஷத்து 36ஆம் சட்டத்து கீழ பதிவு பண்ண எல் நம்பர் இருக்கும், 'கட்ஸ்டம்ப்'னு, அதாவது வெட்டின கட்டைக்குன்னு, ஒரு வரி இருக்கும், மரத்தோட பேரும் பல சமயம் போட்டிருக்கும், அதைப் படிங்க. காசு வாங்கிட்டு மருந்து அடிக்கற ஆளும் அதே சட்டத்துல பதிவு பண்ணியிருக்கணும், கேட்டு வாங்கிக்கறது உங்க உரிமை. ரோட்டோரம் பேர் இல்லாத பாட்டில்ல விக்கறதை தொடவே தொடாதீங்க. 2024ல சொவெட்டோல ஆறு குழந்தைங்க டெர்புஃபோஸ் விஷத்துல செத்தாங்களே, அது பூச்சிமருந்து, களைக்கொல்லி இல்ல, ஆனா லேபிள் இல்லாத விஷம் வீட்டுப் பக்கம் வந்தா என்ன ஆகும்னு அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல. மீந்த மருந்தை கூல்ட்ரிங்க் பாட்டில்ல ஊத்தி கராஜ்ல வைக்கற பழக்கமும் அதே ஆபத்துதான்.

சீசன் பத்தி ஒரு வார்த்தை. வசந்தகாலத்துல, இலை கிளம்பற நேரம், வேர்ல இருந்து எல்லாமே மேல ஓடிட்டு இருக்கும், அப்ப தடவினா மருந்தை சாறே வெளிய தள்ளும், சில மரத்துல வெட்டு வாய் அப்படியே கண்ணு முன்னாடி ஈரம் ஊறும். பிப்ரவரில இருந்து மே வரைக்கும், கோடை முடிஞ்சு குளிருக்கு முன்னாடி, இலையில இருந்து வேருக்கு சக்கரை இறங்கற காலம், மருந்தும் அதோடயே இறங்கும். ஜோஹன்னஸ்பர்க் கிட்ட லெனேசியா பக்கம் குளிர்ல சிரிங்கா மொட்டையா தூங்கிடும், டர்பன்ல உறைபனி இல்லாததால வருஷம் பூரா ஏதோ ஒரு அசைவு இருந்துட்டே இருக்கும், அதனால இங்க காலம் கொஞ்சம் நீளம். மழை வர்ற நாள் மட்டும் வேணாம்.

ஏற்கனவே வெட்டி மாசக்கணக்கான கட்டையா? காஞ்ச வாய்ல தடவி பிரயோஜனம் இல்ல. உயிர் இருக்கற எடம் வரைக்கும் மறுபடி தாழ வெட்டி புது வளையத்தை திறந்து தடவலாம். செயின்சா இல்லன்னா வெட்டுக்கத்தியால பட்டையை சுத்தி சாய்வா கொத்தி, கொத்து கொத்தா வாய் திறந்து அதுக்குள்ள விடலாம். மூணாவது வழி, துளிரை வளர விட்டு இலையில அடிக்கறது. இங்கதான் ரொம்ப பேர் குழம்பறாங்க, கொஞ்சம் நின்னு சொல்றேன்.

இலையில மருந்து அடிக்கணும்னா இலை நிறைய வேணும். முட்டிக்கு மேல, இடுப்பு உயரம் வர்ற வரைக்கும் துளிரை விடணும், அப்பதான் வேரோட அளவுக்கு ஈடு குடுக்கற மாதிரி மருந்தை உறிஞ்ச எடம் இருக்கும், அந்த இலைங்க வேருக்கு சாப்பாடு அனுப்ப ஆரம்பிச்சிருக்கும், அதோட சேந்து மருந்தும் போகும். விரல் நீளத்துக்கு வந்த துளிர் மேல அடிச்சா அந்த துளிர் மட்டும் கருகும், வேருக்கு சேதியே போகாது. பட்டினி போடற வழிக்கு இது நேர் தலைகீழ். அங்க இலை முழுசா விரியவே கூடாது. ஒவ்வொரு துளிரும் வேர்ல இருக்கற ஸ்டார்ச்சை செலவு பண்ணிதான் வெளிய வருது, இலை முத்தி சொந்தமா சமைக்க ஆரம்பிக்கற வரைக்கும் அது வேருக்கு நஷ்டம், முத்தினதும் லாபம். நஷ்டத்துல இருக்கும்போதே பிச்சு எறியணும். நடைமுறையில என்ன நடக்குதுன்னா, ஒரு மாசம் விட்டுட்டு இடுப்பு உயரம் வந்ததும் வெட்டறாங்க, மருந்தும் அடிக்கறதில்ல. வேர் அந்த ஒரு மாசத்துல செலவழிச்சதை திரும்ப சம்பாதிச்சு வச்சுடுது, நீங்க வருஷக்கணக்குல வெட்டிட்டே இருப்பீங்க, கட்டையும் சந்தோஷமா இருக்கும். ரெண்டுல ஒண்ணை முடிவு பண்ணுங்க, நடுவுல நிக்காதீங்க.

பட்டினி வழியில போறவங்க, அதாவது மருந்தே வேணாம்ங்கறவங்க, துளிர் ஒரு சாண் வர்றதுக்குள்ள எடுக்கணும், மழைக்காலத்துல ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை. கத்தரிக்கோலால நறுக்காதீங்க, நறுக்கினா அடியில மிச்சம் இருக்கற மொட்டுல இருந்து ஒண்ணுக்கு மூணா வரும். கையால கீழ் நோக்கி அழுத்தி, ஒட்டியிருக்கற எடத்தோட சேத்து கிழிச்சு எடுக்கணும், இளசா இருக்கும்போது டக்குனு வந்துடும். பிரேசிலியன் பெப்பர் மாங்கா குடும்பம், பால் பட்டா சிலருக்கு தோல் புண்ணாகும், கையுறை போட்டுக்கோங்க. கட்டை மேல தடிமனான கருப்பு பிளாஸ்டிக் போட்டு ஓரமெல்லாம் மண் ஏத்தி மூடறதும் உதவும், வெளிச்சம் இல்லாத துளிர் சமைக்க முடியாம வெளுத்து சாகும், ஆனா பிளாஸ்டிக் கட்டையை விட நல்லா அகலமா இருக்கணும். எவ்ளோ நாள் ஆகும்னா, சின்ன கட்டைக்கு ஒரு மழைக்காலம், பெரிய சிரிங்காவுக்கு ரெண்டு மூணு வருஷம் கூட ஆகலாம். பொறுமை இருக்கறவங்களுக்கு செலவே இல்லாத வழி, நடுவுல ஊருக்கு போயிட்டு ரெண்டு மாசம் கழிச்சு வந்தா கிட்டத்தட்ட முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

க்ரைண்டர் வச்சு அரைக்கறது பாக்க திருப்தியா இருக்கும், இருபது முப்பது சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும் கட்டை தூளாயிடும், கழுத்துப் பகுதி மொட்டெல்லாம் அதோட போயிடும். யூகலிப்டஸ் மாதிரி கட்டையில இருந்து மட்டும் துளிர்க்கற மரத்துக்கு இது பெரும்பாலும் போதும். சிரிங்கா மாதிரி வேர்ல இருந்து வர்ற மரத்துக்கு போதாது, கட்டை போனாலும் பக்கத்து வேர் எல்லாம் உயிரோட இருக்கும். அதுக்கு முதல்ல மருந்து, சில மாசம் கழிச்சு வேர் பட்டுப்போச்சுன்னு தெரிஞ்சப்புறம் க்ரைண்டர், இந்த வரிசைதான் சரி, முதல்லயே அரைச்சுட்டா மருந்து தடவ வாயே இல்லாம போயிடும். அரைக்கறதுக்கு முன்னாடி தண்ணி பைப், கேபிள் எங்க போகுதுன்னு பாத்துக்கோங்க.

தோண்டி எடுக்கறதுல எனக்கு ஒரு பயம் இருக்கு, சொல்லிடறேன். சாட்ஸ்வொர்த் மாதிரி எடத்துல பாதி வீடு சரிவுல இருக்கு, பின்பக்கம் மண்சரிவு மேடு, அதுக்கு கீழ அடுத்தவங்க வீடு. 2022 ஏப்ரல் வெள்ளத்துல குவாஸுலு-நேட்டால்ல நானூறு பேருக்கு மேல செத்தாங்க, எத்தனை சரிவு இடிஞ்சு வீட்டு மேல விழுந்ததுன்னு இங்க இருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. சரிவுல நிக்கற கட்டையை கொல்லுங்க, ஆனா புடுங்காதீங்க. செத்த வேரும் சில வருஷம் மண்ணை புடிச்சிட்டு இருக்கும், அதுக்குள்ள அந்த எடத்துல வேற ஏதாவது உள்ளூர் செடியை வேர் பிடிக்க வச்சுடணும். வீட்டு சுவரை ஒட்டின கட்டையா இருந்தா வேற கணக்கு, செத்த கட்டை கரையானுக்கு விருந்து, அங்க முடிஞ்சா எடுத்துடறது நல்லது.

சட்டம் பக்கமும் கொஞ்சம் பாக்கணும், ஏன்னா இங்க சில மரத்தை வெட்டினா மட்டும் போதாது, திரும்ப வராம பாத்துக்கறதும் உங்க பொறுப்பு. 2004ஆம் வருஷத்து பல்லுயிர்ச் சட்டத்து கீழ 2014 அக்டோபர் 1ல இருந்து வெளியூர் ஆக்கிரமிப்பு இனங்களுக்கு விதி நடைமுறைக்கு வந்தது. பிரேசிலியன் பெப்பர் நம்ம மாகாணத்துல 1பி வகை, அதாவது கட்டுப்படுத்தியே ஆகணும். நம்ம ஆளுங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும், நாவல் மரமும் இங்க 1பி தான். சிரிங்கா பொதுவா 1பி, ஊருக்குள்ள 3ஆம் வகை, இருக்கறது இருக்கலாம் ஆனா புதுசா நடவோ விக்கவோ கூடாது. அதோட இலை வேப்பிலை சாயல்ல இருக்கும், குடும்பமும் ஒண்ணுதான், வேம்புன்னே நினைச்சு வெட்ட மனசு வராம விட்டவங்களை எனக்குத் தெரியும். வீட்டை விக்கும்போது இந்த லிஸ்ட்ல இருக்கற செடி மரம் யார்டுல இருந்தா வாங்கறவங்களுக்கு எழுத்துல சொல்லணும், இதை ஏஜென்ட் சொல்லலைன்னாலும் விக்கறவங்க பொறுப்புதான். தலைகீழாவும் ஒண்ணு இருக்கு: மில்க்வுட் மாதிரி சில உள்ளூர் மரம் 1998ஆம் வருஷத்து காடுகள் சட்டத்துல பாதுகாக்கப்பட்டது, லைசன்ஸ் இல்லாம கிளையை கூட வெட்டக்கூடாது. கேட்டுக்கு வெளிய ரோட்டோரம் நிக்கறது முனிசிபாலிட்டி மரம், அதுக்கு அவங்க கிட்ட எழுதி கேக்கணும். என்ன மரம்னு உறுதியா தெரியாம செயின்சா ஆளை கூப்பிடாதீங்க.

சுவத்துல முளைக்கற அரச மரத்தைப் பத்தி தனியா கேக்கறவங்க உண்டு. பறவை எச்சத்துல விதை வந்து செங்கல் இடுக்குல விழுந்து முளைச்சுடும், மேல உடைச்சா உள்ள இருக்கற துண்டு வேர்ல இருந்து திரும்ப வரும், வேரை புடுங்கினா சுவர் வந்துடும். அதுக்கும் அதே விதிதான், நல்லா இலை இருக்கற நேரத்துல தண்டை சுவத்தோட ஒட்டி வெட்டி, அந்த நிமிஷமே சின்ன பிரஷால வளையத்துல தடவி, சில மாசம் கழிச்சு காஞ்சதும் இடுக்கை சிமென்ட் வச்சு அடைக்கணும். கோயில் சுவரா இருந்தா பெரியவங்க கிட்ட பேசி, செய்ய வேண்டிய பூஜையை செஞ்சுட்டு ஆரம்பிங்க, அது மருந்தோட வேலைக்கு தேவை இல்ல, உங்க மனசுக்கும் கமிட்டிக்கும் தேவை.

கட்டை செத்துச்சான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? துளிர் வரலைங்கறது மட்டும் சாட்சி இல்ல, குளிர்காலத்துல பெருசா எதுவும் வராது. ஒரு சின்ன கத்தியால கட்டையோட பட்டையை தரைக்கிட்ட சொரண்டுங்க, அடியில பச்சையாவோ வெளிர் ஈரமாவோ இருந்தா உயிர் இருக்கு. பழுப்பா காஞ்சு இருந்தா அந்த எடம் போச்சு. ஒரு எடத்துல பாத்துட்டு விட்டுடாதீங்க, கட்டையை சுத்தி நாலு பக்கமும் பாருங்க, ஒரு பக்கம் செத்து ஒரு பக்கம் மட்டும் உயிரோட இருக்கறது ரொம்ப சகஜம், பிரஷ் படாத பக்கம் அதுவாத்தான் இருக்கும், அங்க மட்டும் புதுசா கொத்தி தடவினா போதும். அப்புறம் மேல ஓடற தடிச்ச வேர் ஒண்ணை கொஞ்சம் தள்ளி சொரண்டி பாருங்க. பட்டை தானா கழண்டு வந்து, கட்டையில காளான் தட்டு தட்டா வர ஆரம்பிச்சுதுன்னா அந்தக் கட்டையில உங்க வேலை முடிஞ்சது. சிரிங்காவா இருந்தா மட்டும் அடுத்த மழைக்காலம் முடியற வரைக்கும் வேலியோரம் ஒரு கண்ணு இருக்கட்டும், பக்கத்து வீட்டுக்காரர் கிட்டயும் சொல்லி வைங்க, வேர் சுவத்துக்கு அந்தப் பக்கமும் போயிருக்கும், அவர் பக்கம் நாலு கன்னு வளர்ந்து நின்னா நீங்க சாகடிச்ச வேருக்கு சாப்பாடு அங்க இருந்துதான் வந்துட்டு இருக்கும்.